மணத்திற்கு வேலி ஏது?

மலரைப் பற்றி எழுதப் புகுகிறோம் என்றதும் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ‘கூலிக்கும் குடியிருப்புக்கும் போராடும் நாளில் மல்லிகைக்கும் முல்லைக்கும் என்ன வேலை? பூ, பூசாரிக்கு, புலவனுக்கு, பொழுது போகாத செல்வனுக்கு. பகுத்தறிவுப் பாசறையில் அதற்கு இடம் ஏது?’ என்று கேட்கக்கூடும். கேட்கட்டும், கேட்பதுதான் நம் மரபு. நாமும் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்கிறோம்: மணம் யாருக்கு உரியது? இந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றி வருவோமானால், வீட்டின் கூடத்திலும், கோயிலின் வாயிலிலும், ஆலையின் முற்றத்திலும் யார் யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

முதலில் ஆலைப் பக்கம் செல்வோம். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம்; சற்றே தெற்கே திரும்பினால் வல்லம் வடகால், ஒரகடம். ஏரிகளும் கழனிகளும் இருந்த வட்டாரம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை திறந்தது, 2014-இல் மூடியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை வந்தது. இன்று காரும் பேருந்தும், இருசக்கர ஊர்தியும் கைபேசியும், குளிர்பெட்டியும் சலவை எந்திரமும் இங்கிருந்து உலகெங்கும் செல்கின்றன. செய்பவர் யார்? பெரும்பாலும் இருபதைத் தொட்டும் தாண்டியும் நிற்கும் இளைஞர்; அவர்களிலும் ஊரை விட்டு வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் ஏராளம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் தமிழ்நாடு அரசு திறந்துவைத்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். கட்டில் உண்டு, கழிப்பறை உண்டு, உணவுக்கூடம் உண்டு. வேண்டியவைதாம்; வரவேற்கத்தக்கவைதாம். ஆனால் வேலை முடிந்து வரும் ஒரு பெண், தன் கையால் ஒரு முல்லைக்கொடியை நட்டு, தண்ணீர் வார்த்து, அது பூக்கும் மாலையைக் காண வேண்டும் என்று விரும்பினால், இவ்வட்டாரத்து வாடகை விடுதிகளில் எத்தனையில் அவளுக்கு ஒரு சாண் மண் கிடைக்கும்? ஆலைக்கு ஏக்கர் கணக்கில் மண் உண்டு. ஆலையில் உழைப்பவளுக்கு ஒரு தொட்டி மண் இல்லை!

‘இது ஒரு குறையா?’ என்பார் உண்டு. குறைதான் என்று சொல்லுமுன், மணம் என்றால் என்ன என்பதை அறிவின் துணைகொண்டு பார்த்துவிடுவோம்.

மல்லிகை எந்தக் கடவுளுக்காகவும் மலரவில்லை. எந்த மங்கைக்காகவும் மலரவில்லை. வெண்மையாய் இருப்பது இருளில் தெரிவதற்கு. மாலையில் மணப்பது இரவில் பறக்கும் அந்துப்பூச்சியை அழைப்பதற்கு. அந்த அழைப்பைப் பகுத்துப் பார்த்த வேதியியலார், அதில் பென்சைல் அசிட்டேட்டும் லினலூலும் இருக்கக் கண்டனர். சிறிதளவு இண்டோலும் இருக்கக் கண்டனர். இண்டோல் வேறெங்கே இருக்கிறது? மலத்தில் இருக்கிறது! ஆம், தோழர்களே! எதைக் கண்டு மூக்கைப் பொத்துகிறோமோ அதில் உள்ள பொருளே, அளவோடு பிறவற்றுடன் கலந்து நின்று, மல்லிகைக்கு அதன் மயக்கும் ஆழத்தைத் தருகிறது. தூய்மை என்றும் தீட்டு என்றும் பிறப்பிலேயே பிரித்துவைத்தவர்கள் இயற்கையின் இந்தப் பாடத்தைப் படித்ததில்லை. இயற்கை பொருளைப் பிரித்துக் குலம் வகுக்கவில்லை. அளவும் கலப்பும்தான் அதன் கணக்கு.

இனி மூக்கைப் பார்ப்போம். மணத்தை அறியும் ஏற்பிகளை 1991-இல் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செலும் லிண்டா பக்கும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மாந்தர் மூக்கில் அத்தகைய ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை செயல்படுகின்றன. பண்ணையார் மூக்கிலும் அவைதாம். பண்ணையாள் மூக்கிலும் அவைதாம். கணவன் இருப்பவள் மூக்கிலும் அவைதாம். கணவனை இழந்தவள் மூக்கிலும் அவைதாம். துய்க்கும் கருவியை எல்லோர்க்கும் இயற்கை தந்திருக்க, துய்க்கும் உரிமையை மட்டும் சிலருக்கு மறுத்தவர் யார்?

மனிதர்தாம். மணத்திற்கு வேலி போட முடியாது. காற்று அதைக் கொண்டுசென்றுவிடும். ஆகவே மனிதனுக்கு வேலி போட்டார்கள்.

முதல் வேலி கோயிலில் எழுந்தது. மலரில் முதன்மையானது ஆண்டவனுக்கு என்றார்கள். நந்தவனம் அமைத்தார்கள். தோண்டியவன், தண்ணீர் இறைத்தவன், எரு சுமந்தவன் யாராயினும் ஆகட்டும். பூ உள்ளே போயிற்று, அதை வளர்த்த கை வெளியே நின்றது. 1947-இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வரும்வரை, செடிக்கு வாய்த்த உரிமை அதன் வேரில் மண் அணைத்தவனுக்குச் சட்டப்படி வாய்க்கவில்லை. இதிலே இன்னொரு வேடிக்கை. மாலைகளிலே மணக்கும் நிலச்சம்பங்கியின் தாயகம் மெக்சிகோ. தெய்வத் திருமேனிகளில் தொங்கும் துலுக்கச் சாமந்தியின் தாயகமும் அதுவே. கோயில் முற்றங்களில் நிற்கும் ஈழத்தலரியும் அமெரிக்க மண்ணினதே. கொலம்பசு கடல் கடந்த 1492-க்குப் பிறகே இவை நம் கரை சேர்ந்தன. எந்த ஆகமத்தைப் புரட்டி, எந்தப் பரிகாரம் செய்து இவற்றை உள்ளே விட்டார்கள்? கடல் தாண்டி வந்த பூவுக்குக் கருவறை வரை வழி கிடைத்தது. தெரு தாண்டி வந்த மனிதனுக்கு மதிற்சுவரோடு வழி முடிந்தது!

இராமானுசர் பிறந்த ஊர் இதே திருப்பெரும்புதூர். 1017-இல் பிறந்தார் என்பது மரபு. ஒளித்துவைக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூரிலே உயர ஏறி நின்று எல்லோர்க்கும் உரக்கச் சொன்னார் என்பது அவரைப் பற்றிய கதை. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆயினும், சிலருக்கென்று பூட்டி வைத்ததைப் பலருக்கென்று திறந்த செயலை மதிக்க நாம் தயங்குவதில்லை. அந்தச் செயலின் பொருளை உணர்ந்தவர்கள் அவர் பிறந்த ஊரில் இன்று எதைத் திறக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாம் வேலி வீட்டுக்குள்ளே எழுந்தது. முதல் வேலியினும் கொடியது. கணவன் மாண்டான், அவன் பிணத்தருகே அவளை உட்காரவைத்துத் தலை நிறையப் பூச்சூட்டி, பிறகு அதைப் பிடுங்கினார்கள். இனி உன் வாழ்நாளில் இது இல்லை என்று ஊர் கூடிச் சொல்லிற்று. நோயுற்று இறந்தவன் அவன், தண்டனை இவளுக்கு! இறந்தவன் மனைவி தலையில் பூ இருந்தால் யாருக்கு என்ன கேடு? அறிவுக்குப் பொருந்தும் ஒரு விடையை எந்தச் சாத்திரியாரும் இன்றுவரை தந்ததில்லை. கைம்பெண் மறுமணத்தை 1856-இலேயே சட்டம் ஒப்புக்கொண்டது. மறுமணத்துக்குச் சட்டம் உண்டு; மல்லிகைக்கு மட்டும் மனம் இல்லை! மகளின் திருமணத்திலே மண்டபத்தின் மூலையிலே ஒதுங்கி நிற்கும் தாயைக் காணாதவர் நம்மில் யார்? அந்தப் பெண்ணைப் பெற்றவள், வளர்த்தவள், அடகு வைத்துப் படிக்கவைத்தவள் அவள். மணமேடைக்கு மட்டும் ஆகாதவளாம்!

‘பழைய கதை பேசுகிறீர்கள்’ என்பாருக்குப் புதிய செய்திகள் இரண்டு. 2022 மே திங்களில் மராட்டிய மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்து ஏர்வாடு என்னும் சிற்றூரின் ஊராட்சி, கைம்பெண்ணின் பொட்டை அழித்து வளையலை உடைக்கும் சடங்குகள் இனி வேண்டா என்று தீர்மானம் இயற்றியது; அவ்வழியைப் பின்பற்றுமாறு மாநில அரசும் ஊராட்சிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. 2023 ஆகஸ்டில், கணவனை இழந்தவள் என்று கூறி ஈரோடு மாவட்டத்துக் கோயில் ஒன்றில் ஒரு பெண்ணைத் தடுக்க முற்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையைக் கடிந்துரைத்தது. பெண்ணின் மதிப்பு அவள் மணவாழ்வைச் சார்ந்ததன்று என்று தெளிவுபடுத்தியது. வழக்கு வந்தது என்றால் வழக்கம் இருக்கிறது என்று பொருள்.

பண்டைத் தமிழரைத் துணைக்கு அழைப்போமா? அழைக்கலாம், அளவோடு அழைக்கலாம். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பகுத்துப் பெயரிட்டவர்கள் அவர்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலர்ப்பெயர்கள் தொண்ணூற்றொன்பது. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று ஆடவரே பூச்சூடினர். போருக்குச் சென்றவனும் பூச்சூடியே சென்றான். பூ, பெண்ணுக்கு மட்டும் என்பதும், அவளிலும் சிலருக்கு மட்டும் என்பதும் ‘தொன்றுதொட்டு’ வந்த முறை என்பாருக்கு இது போதிய மறுப்பு. ஆனால், கணவனை இழந்தவள் அணி நீத்துத் தவக்கோலம் பூணும் அவலமும் அதே சங்கப் பாடல்களில் இருக்கிறது. மறைப்பானேன்? பழமை ஒரு சாட்சி, நீதிபதி அன்று. நல்லதைப் பழமை சொன்னால் நல்லது என்பதற்காகக் கொள்வோம். தீயதைச் சொன்னால் பழமை என்பதற்காகக் கொள்ள மாட்டோம்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடக்கூடும்: ‘ஆலையிலும்தான் பூச்சூடிவர விடுவதில்லை. நுண்கருவிகள் செய்யும் கூடத்திலே தலையை உறையால் மூடித்தானே நுழைய வேண்டும்? அதையும் எதிர்ப்பீர்களா?’ எதிர்க்கமாட்டோம். தூசி பட்டால் கருவி கெடும். ஆகவே தலை மூடு என்பது காரணத்தோடு வரும் விதி. மேலாளருக்கும் அதுவே, தொழிலாளிக்கும் அதுவே. ஆணுக்கும் அதுவே, பெண்ணுக்கும் அதுவே. வேலை முடிந்ததும் விதியும் முடிந்துவிடும். கைம்பெண்ணுக்கு இட்ட விதியோ காரணம் கூறாது, ஆணைத் தீண்டாது, சாகும்வரை முடியாது. விதியை எடைபோட நமக்கு இந்த மூன்று கேள்விகள் போதும்: காரணம் உண்டா? எல்லோர்க்கும் பொதுவா? எல்லை உண்டா?

இந்த அளவுகோலை ஆலையின் பக்கமும் திருப்புவோம். இவ்வட்டாரத்துக் கைபேசி ஆலை ஒன்றில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 சூனில் செய்தி வெளியாயிற்று, நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தி உண்மையாயின், எண்ணிப் பாருங்கள்: கணவன் செத்தால் பூவுக்கு ஆகாதவள், கணவன் இருந்தால் வேலைக்கு ஆகாதவள்! ஒரு பெண்ணை அவள் கையின் திறத்தாலும் மனத்தின் விருப்பத்தாலும் அளக்காமல், பக்கத்தில் ஓர் ஆண் இருக்கிறானா இல்லையா என்று கணக்கெடுக்கும் நோய், ஓலைச்சுவடியிலிருந்து கணினிக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்றே பொருள்.

அடுத்து, மிக வலிய மறுப்பு: ‘முதலில் சோறு, பிறகு பூ.’ ஒப்புகிறோம். விடுதி உணவால் இருநூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற, 2021 டிசம்பரில் பெண் தொழிலாளர்கள் இந்த நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக ஒரு திங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 சனவரியில் சங்கம் பதிவாயிற்று. இவற்றை விட்டுவிட்டுப் பூந்தொட்டி கேட்கச் சொல்ல நாம் அறிவிழந்துவிடவில்லை. வாயிலில் வண்ணப் பூங்கா அமைத்து வயிற்றில் ஈரத்துணி போடச் சொல்லும் முதலாளி இருந்தால், அந்தப் பூங்காவைக் கண்டு நாம் மயங்கவும் மாட்டோம். ஆனால், சோறு மட்டும் போதும் என்று சொல்வது தொழிலாளியா, தொழிலாளியைச் சோற்றால் அடித்த பிண்டமாகக் காண்பவனா? அமெரிக்காவின் லாரன்சு நகரிலே 1912-இல் நெசவாலைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை ‘ரொட்டியும் ரோசாவும்’ என்னும் பெயரால்தான் தொழிலாளர் வரலாறு நினைவுகூர்கிறது. அவர்களில் பெண்கள் மிகுதி. பல நாட்டிலிருந்து குடியேறிப் பல மொழி பேசியவர்கள் அவர்கள். ரொட்டி, உயிர் வாழ. ரோசா, வாழ்வது உயிராக இருக்க. எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டது எதற்கு? மீதி நேரமும் தூங்கியே கழிக்கவா? அந்த மீதி நேரத்தில் மனிதனாக இருப்பதற்கு!

இன்னொரு மறுப்பு நம் இயக்கத்துக்குள்ளிருந்தே எழும். ‘பூவும் பொட்டும் பெண்ணுக்குப் பூட்டிய விலங்கு. அழகுப் பதுமையாக்கும் சூழ்ச்சி. அதை மீட்டுத் தருவது எப்படிச் சீர்திருத்தம்?’ பெண் தன்னை அலங்காரப் பொம்மையாக்கிக்கொள்ளக் கூடாது என்று பெரியார் பலமுறை இடித்துரைத்தார். அதை மறக்கவில்லை. பூவைச் சூடியே ஆக வேண்டும் என்பது அடிமைத்தனம். சூடவே கூடாது என்பதும் அடிமைத்தனம். இரண்டையும் பிறர் விதித்தார்கள் என்பதே குற்றம். நாம் கேட்பது, ‘சுமங்கலி’ என்னும் முத்திரையைப் பூவின் மீதிருந்து கழற்றிவிட வேண்டும் என்பது. முத்திரை போனபின், விரும்பினவள் சூடட்டும்; விரும்பாதவள் விடட்டும்; ஆணும் சூடட்டும். துனீசியா நாட்டிலே ஆடவர் மல்லிகைக் கொத்தைக் காதிலே செருகிக்கொண்டு தெருவில் நடப்பது இன்றும் உண்டு. அதனால் அவர்களின் ஆண்மை எங்கும் உதிர்ந்துவிடவில்லை. சூடாமலும் துய்க்கலாம். செடியிலேயே விட்டு, மாலைக் காற்றிலே மணத்தை நுகர்ந்து மகிழ்வதற்கு எந்த முத்திரையும் வேண்டியதில்லை.

முழம் போட்டு விற்கும் பூவுக்குப் பின்னே ஒரு கை இருக்கிறது என்பதையும் மறவற்க. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டத்து ஊர்கள் பலவற்றிலே மல்லிகையும் முல்லையும் பயிராகின்றன. மொட்டு விரியுமுன் பறித்தாக வேண்டும். ஆகவே ஊர் உறங்கும்போதே பறிப்பவள் எழுந்தாக வேண்டும். பல ஆயிரம் மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினால்தான் ஒரு கிலோ சேரும். முகூர்த்த நாளிலே கோயம்பேட்டில் விலை ஏறும், மறுநாள் விழும். ஏறும்போது அவள் கூலி அதனோடு ஏறுகிறதா என்று கேட்பவர் சிலரே. மணத்தை விரும்புகிறவர் அந்தக் கையை மறந்தால், நந்தவனம் அமைத்தவர்கள் செய்த பிழையையே நாமும் செய்தவர்களாவோம்.

செடி வளர்ப்பது அரிய கலையா? இல்லை. குண்டுமல்லி பெரும்பாலும் விதை தருவதில்லை. பதியனும் போத்தும் கொண்டே பெருகுகிறது. அதாவது, ஒருவர் கை மற்றொருவர்க்குக் கொடுத்துக் கொடுத்தே அது இத்தனை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது. கொடுப்பவர் இல்லையேல் அந்தச் செடி இல்லை. விலை கொடுக்க இயலாதவர் ஒரு தோழரிடம் பதியன் கேட்டாலே போதும். மழைக்காலத்திலே நடலாம். அடியில் துளையிட்ட பழைய வாளி, செம்மண், மணல், மக்கிய எரு. நாள் முழுதும் வெயில் விழும் இடம். வேரில் தேங்காத நீர். நவம்பர் கடைசியில் துணிந்து கவாத்து செய்க: தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டிவிடுக. வெட்டினால் வாடுமே என்று அஞ்சுபவர்க்குப் பூ குறையும். பழங்கிளையை விட்டால்தான் புதுக்கிளை, புதுக்கிளையில்தான் பூ. மார்ச்சில் மணக்கத் தொடங்கும். சமுதாயத்துக்கும் இதுவே தோட்டக்காரன் சொல்லும் பாடம். பிச்சியையும் வளர்க்கலாம், ‘சாதிமல்லி’ என்று அதைச் சொல்வர். அது குலத்தைக் குறித்த சொல் அன்று, அப்பூவின் வடமொழிப் பெயர்தான். எனினும் பிச்சி என்றழைப்பது காதுக்கும் இனிது, கருத்துக்கும் இனிது.

ஒரகடத்து விடுதி மாடியிலே அந்தத் தொட்டியை வைத்துப் பாருங்கள். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி அதைக் கண்டு ‘மல்லி’ என்பார். பீகாரிலிருந்து வந்தவர் ‘பேலா’ என்பார். பிலிப்பைன்சு நாட்டுக்குத் தேசிய மலர் இதே செடிதான். இந்தோனேசியாவும் இதைத் தேசிய மலர்களுள் ஒன்றாகப் போற்றுகிறது. சீனத்தில் தேயிலைக்கு மணமூட்டுவதும் இதுவே. மொழி தெரியாத இருவர் ஒரு செடியின் முன்னே நின்று பேசத் தொடங்கினால், பிறகு கூலியைப் பற்றியும் பேசுவர். சங்கத்தைப் பற்றியும் பேசுவர்.

பூவுக்கு நம் இயக்கம் ஏற்கனவே ஒரு பெரும் பணி தந்திருக்கிறது என்பதை நினைவூட்டி முடிக்கிறோம். பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967-இல் இயற்றப்பட்ட சுயமரியாதைத் திருமணச் சட்டம் என்ன சொல்கிறது? உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவருக்கொருவர் மாலையிட்டுக்கொண்டாலும் மணம் செல்லும். வேள்வித்தீ வேண்டியதில்லை, விளங்கா மந்திரம் வேண்டியதில்லை. இரண்டு மாலை போதும்! ஆண் பெண்ணுக்கும், பெண் ஆணுக்கும், சரிநிகராக. அந்த மாலையை ஏற்றுக்கொண்ட நாம், அதே மாலையின் ஒரு முழத்தைப் பெற்ற தாய்க்கு மறுக்கலாமா?

ஆகவே, தோழர்களே, அடுத்து உங்கள் இல்லத்திலே நடக்கும் திருமணத்தில், மூலையிலே நிற்கும் தாயை, தமக்கையை, அத்தையை முன்வரிசைக்கு அழையுங்கள். பூத்தட்டை அவர் முன்னே நீட்டுங்கள். எடுப்பதும் விடுப்பதும் அவர் விருப்பம், நீட்டாமல் விடுவது உங்கள் குற்றம். இழவு வீட்டிலே பூவைப் பிடுங்கக் கை நீள்கையில் அந்தக் கையைப் பிடியுங்கள். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே கூலி, உணவு, பாதுகாப்பு ஆகியவற்றுக்குக் கீழே, விடுதிதோறும் தொழிலாளரே நட்டு வளர்க்க ஒரு துண்டு மண் என்று ஒரு வரி சேருங்கள். படிப்பகத்தின் வாயிலிலே ஒரு முல்லை நடுங்கள். மாலையில் அந்த வழியாக நடப்பவர் எவராயினும், அவரிடம் அது குலமும் கேட்காது, கணவன் உண்டா என்றும் கேட்காது. கொடியிடம் இருக்கும் அந்த நாகரிகம் ஊரிடமும் வர உழைப்போம்.